பழைய ரை விஸ்கி: கையில் வந்ததும் கைநழுவியதும்

பிட்ஸ்பர்க்கிலிருந்து:

மக்காச்சோளத்தில் வடிக்கும் போர்பன் விஸ்கி பற்றி இந்தக் குழுவில் பேசித் தீர்த்தாகிவிட்டது. ரை என்ற தானியத்தில் வடிக்கும் ரை விஸ்கி பக்கம் யாரும் வருவதில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். பழைய ரை பாட்டிலைப் பார்த்தவர்கள், குடித்தவர்கள், விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

நான் இருக்கும் மேற்குப் பென்சில்வேனியாதான் ரையின் தாய்வீடு. மொனொங்கஹேலா ஆற்றுப் பக்கத்து உழவர்களுக்கு ரை தானியத்தை மூட்டையாக மலை தாண்டிக் கொண்டுபோவது கட்டுப்படியாகவில்லை. வடித்துப் பீப்பாயில் கொண்டுபோனால் காசு. 1791-ல் அதற்கு வரி போட்டார்கள். 1794-ல் கலகம் வெடித்தது. அடக்குவதற்கு வாஷிங்டன் சுமார் 13,000 பேரைத் திரட்டினார்.

போன கோடையில் வெஸ்ட் ஓவர்டன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஓல்ட் ஓவர்ஹோல்ட் ரை பாட்டிலின் லேபிளில் முறைத்துக்கொண்டிருக்கும் தாத்தா ஆப்ரஹாம் ஓவர்ஹோல்ட்டின் ஊர் அது. எஃகு முதலாளி ஹென்றி கிளே ஃபிரிக் அவருடைய மகள் வழிப் பேரன், அங்கேயே பிறந்தவர். ஓவர்ஹோல்ட் விஸ்கி கம்பெனியில் ஃபிரிக்கோடு பங்கு வைத்திருந்த ஆண்ட்ரூ மெலன் 1921-ல் நிதியமைச்சர் ஆனார். அப்போது அமெரிக்கா முழுக்க இருந்த மதுவிலக்கை அமல்படுத்தும் பொறுப்பு அதே நிதித்துறையிடம்! டாக்டர் சீட்டுக்கு மருந்தாக விஸ்கி விற்கும் உரிமமும் ஓவர்ஹோல்ட்டுக்கு இருந்தது. நம்மூர் அரசியல் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

பக்கத்து ஊர் ஸ்காட்டேல் கதை இன்னும் சுவையானது. பழைய மாளிகை ஒன்றை வாங்கியவருக்கு, அங்கே பெட்டி பெட்டியாக மதுவிலக்குக்கு முந்தைய ‘ஓல்ட் ஃபார்ம்’ ரை கிடைத்தது. வெஸ்ட் ஓவர்டன் சரக்கு. கொஞ்ச காலம் கழித்துத் திறந்து பார்த்தால் 52 பாட்டில்கள் காலி. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் மேல் வழக்கு வந்தது, மதிப்பு ஒரு லட்சம் டாலருக்கும் மேல் என்றார்கள். அவரோ, அத்தனையும் ஆவியாகியிருக்கும் என்று சொன்னாராம். வழக்கு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். குடித்தது யாராக இருந்தாலும், ருசி எப்படி இருந்தது என்று கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

வர்ஜீனியாவிலிருந்து:

அண்ணே, கலகத்தை அடக்கிய அதே வாஷிங்டன் பின்னாளில் தானே வடித்து விற்றார், அதை விட்டுவிட்டீர்களே! மவுன்ட் வெர்னன் என்ற அவருடைய பண்ணையில் அந்த வடிசாலையை, அதாவது டிஸ்டில்லரியை, திரும்பக் கட்டியிருக்கிறார்கள், 2007-லிருந்து திறந்திருக்கிறது. பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொல்லி 1797-ல் ஆரம்பித்தது. 1799-ல் கிட்டத்தட்ட 11,000 கேலன் வடித்திருக்கிறார்கள். ரை 60, மக்காச்சோளம் 35, மால்ட் பார்லி 5 சதவீதம். பீப்பாயில் ஊறப்போடாமல் அப்படியே விற்றது. வேலை செய்தவர்களில் பலர் அடிமைகள் என்பதை வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். நான் சுவைத்த ஊறாத ரை பச்சைத் தானிய வாசம், தொண்டையில் நெருப்பு. சேகரிக்கிற பொருளாக எனக்குப் படவில்லை.

மேரிலாந்திலிருந்து:

இங்கே ‘டஸ்டி’ வேட்டை என்று ஒன்று உண்டு. பழைய மதுக்கடைகளின் கீழ்த்தட்டில், தூசி படிந்து, விற்காமல் கிடக்கும் பாட்டில்களைத் தேடிப் போவது. சில வருடங்கள் சனிக்கிழமை தவறாமல் அலைந்திருக்கிறேன். பால்டிமோர் ஒருகாலத்தில் பென்சில்வேனியாவுக்குப் போட்டியாக ரை வடித்த ஊர். பைக்ஸ்வில் ரை இந்த மாநிலத்தில் கடைசியாக வடிக்கப்பட்டது 1972-ல். இப்போது அந்தப் பெயர் கென்டக்கியின் ஹெவன் ஹில் டிஸ்டில்லரி கையில். நல்ல சரக்குதான், ஆனால் மேரிலாந்து ரை இல்லை.

வேட்டையில் விலையைவிட முக்கியம் வயதைக் கண்டுபிடிப்பது. மூடிமேல் ஒட்டிய வரிப் பட்டை இருந்தால் 1985-க்கு முந்தியது என்று பெரும்பாலும் சொல்லலாம். பச்சைப் பட்டை என்றால் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’: 1897 சட்டப்படி ஒரே டிஸ்டில்லரி, ஒரே பருவத்தில் வடித்தது, அரசாங்கப் பூட்டுக்குள் குறைந்தது நான்கு வருடம் ஊறியது, 50 சதவீத ஆல்கஹால். அளவு 4/5 குவார்ட் (பழைய அமெரிக்க அளவு) என்றிருந்தால் 1980-க்கு முந்தியது. அதற்கப்புறம் அந்த அளவு 750 மில்லி ஆகிவிட்டது. இந்த பாட்டிலை மறுபடி விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று கண்ணாடியிலேயே எழுத்து புடைத்திருந்தால் 1935-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. கர்ப்பிணிகளுக்கான அரசு எச்சரிக்கை லேபிளில் இருந்தால் 1989-க்குப் பிந்தியது, ரொம்ப உணர்ச்சிவசப்பட வேண்டாம்.

ஒரு கடையில் பச்சைப் பட்டையோடு ஒரு ஓவர்ஹோல்ட் கண்ணில் பட்டது. ஒட்டியிருந்த பழைய விலைக்கே கொடுத்தார் அந்தப் பெரியவர். “இதையா கேட்கிறாய், புதுசா இருக்கே, அதை வாங்கேன்” என்று அக்கறையோடு சொன்னார். இப்போது அப்படிக் கடைகள் கிடையாது. எல்லாரிடமும் போன் இருக்கிறது.

நியூயார்க்கிலிருந்து:

மேரிலாந்து நண்பர் சொன்ன அந்தப் பெரியவர்தான் மொத்தக் கதையும். ரை அபூர்வமானது யாருக்கும் அது வேண்டியிராததால்தான். மதுவிலக்கு முடிந்த பிறகு மக்களின் நாக்கு மென்மையான சரக்குக்குப் பழகிவிட்டது, அப்புறம் வோட்கா வந்தது. வடிக்கிறவர்களுக்கும் ரை தலைவலி: மாஷ் என்கிற தானியக் கூழ் பசை மாதிரி ஒட்டும், நொதிக்கும்போது நுரை பொங்கி வழியும், மக்காச்சோளமோ மலிவு. எண்பது, தொண்ணூறுகளில் கென்டக்கியின் பெரிய டிஸ்டில்லரிகளே வருடத்தில் ஓரிரு நாள் மட்டும் ரை ஓட்டிய காலம் உண்டு.

அப்படி மறந்துபோன பீப்பாய்கள்தான் பின்னால் பொக்கிஷம் ஆயின. ஹெவன் ஹில் 1984-ல் வடித்தது 21, 23, 25 வருட ‘ரிட்டன்ஹவுஸ்’ ரையாக வெளிவந்தது. யாரும் 25 வருடம் திட்டம் போட்டு ரையை ஊறவைக்கவில்லை, விற்கவில்லை, கிடந்தது. எங்கள் ப்ரூக்ளினில் ரெட் ஹூக் பகுதியில் லெனெல்ஸ் என்ற மதுக்கடை இருந்தது. அந்தக் கடைக்காக நான்கே பீப்பாய்களில் இருந்து போட்ட ‘ரெட் ஹூக் ரை’ அன்று நூறு டாலருக்கும் குறைவு. இன்று ஏலத்தில் ஐந்து இலக்கம். அந்தத் தெருவில் நான் நடந்திருக்கிறேன், உள்ளே போயிருக்கிறேன், ஒயின் வாங்கிக்கொண்டு வந்தேன். சிரியுங்கள்.

லூயிவில்லிலிருந்து:

நான் வாங்குவதில்லை, குடிப்பதோடு சரி. 2017-ல் கென்டக்கியில் கொண்டுவந்த சட்டத்தால், தனியாரிடம் இருக்கும் பழைய பாட்டிலை உரிமம் பெற்ற கடைகளும் பார்களும் வாங்கி விற்கலாம். அதனால் முழு பாட்டிலுக்குக் கிட்னியை விற்காமல் ஒரு சின்ன கிளாஸ் மட்டும் வாங்கி ருசிக்க முடிகிறது.

அப்படி ஒருமுறை மதுவிலக்குக் கால மருந்து பைன்ட் (சுமார் அரை லிட்டர் பாட்டில்) ஒன்றிலிருந்து ரை குடித்தேன். டாக்டர் சீட்டு காட்டினால் பத்து நாளைக்கு ஒரு பைன்ட் என்று கொடுத்த காலம் அது. பட்டையில் இரண்டு தேதி அச்சாகியிருந்தது: வடித்த பருவம், பாட்டிலில் அடைத்த பருவம். இரண்டுக்கும் நடுவே பத்து வருடத்துக்கும் மேல். விற்கவிடாததால் பீப்பாயிலேயே கிடந்து மரச்சாறு ஏறிப்போயிருந்தது. முதல் வாய் கசந்தது. பிறகு சோம்பு, கிராம்பு, புதினா, காய்ந்த புளிப்புப் பழம் என்று ஒவ்வொன்றாக வந்தது, காலிக் கிளாஸில்கூட வெகுநேரம் வாசம் நின்றது. ருசியை மட்டும் கேட்டால் ஐம்பது, அறுபதுகளின் பச்சைப் பட்டை ஓவர்ஹோல்ட் அதைவிட மேல். விலையும் ருசியும் ஒரே பக்கம் போவதில்லை.

நியூஜெர்சியிலிருந்து:

ஒரு சந்தேகம். குடும்ப நண்பர் ஒருவர் அவருடைய அப்பா வைத்திருந்த பழைய ரை பாட்டிலை எனக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளே சரக்கின் அளவு கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இறங்கியிருக்கிறது. விற்கலாமா, குடிக்கலாமா?

மேரிலாந்திலிருந்து:

உரிமம் இல்லாமல் விற்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். ஈபே 2012-லேயே கதவைச் சாத்திவிட்டது. சட்டப்படி நடக்கும் ஏல நிறுவனங்கள் வழியாகப் போகலாம், ஆனால் அளவு இறங்கிய பாட்டிலுக்கு விலை அடிவாங்கும். காலி பாட்டிலில் புதுச் சரக்கை ஊற்றி விற்கும் களவாணிகள் அதிகம் என்பதால் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். பாட்டிலில் விஸ்கிக்கு வயது ஏறாது, அதனால் இன்னும் பத்து வருடம் வைத்தால் நன்றாகும் என்று காத்திருக்க வேண்டாம். கொடுத்தவரையும் கூப்பிட்டுத் திறங்கள்.

அதுவரை நிமிர்த்தியே வையுங்கள், ஒயின் மாதிரிப் படுக்கப்போட்டால் சாராயம் கார்க்கைத் தின்றுவிடும். திறக்கும் அன்று பக்கத்தில் ஒரு மாற்றுக் கார்க்கும், தூள் விழுந்தால் வடிகட்ட டீ வடிகட்டியும் தயாராக இருக்கட்டும். முதலில் மோந்து பாருங்கள். ஈரக் காகித நாற்றம் வந்தாலும் உடனே கொட்டிவிடாதீர்கள், அரைமணி நேரம் கிளாஸில் விட்டுப் பாருங்கள். பட்டையின் நிறத்தையும் அதில் அச்சாகியிருக்கும் தேதியையும் இங்கே எழுதுங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.