மறு: மறு: 'ரீசைக்கிள்டு கன்டென்ட்' - தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

'ரீசைக்கிள்டு கன்டென்ட்', அதாவது ஒரு பொருள செய்யறப்ப அதுல ரீசைக்கிள் ஆன சரக்கு எவ்வளவு போட்டாங்கங்கற அளவு, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு ரெண்டு நாளா இந்த இழை ஓடிட்டு இருக்கு, நான் இன்னைக்குதான் முழுசா படிச்சேன்.

> 'மறுசுழற்சி உள்ளடக்கம்' போதுமே, எல்லாருக்கும் புரியுமே

ஐயா கோவிச்சுக்கக் கூடாது, எனக்குப் புரியல. உள்ளடக்கம்னா புத்தகத்தோட முதல் பக்கம், இல்லன்னா யூடியூப்ல போடற சமாச்சாரம். பாட்டிலோட உள்ளடக்கம்னு சொன்னா உள்ள இருக்கறது எண்ணெயா ஷாம்புவான்னுதான் கேப்பாங்க, பாட்டிலையே எதுல ஊதினாங்கன்னு யாருக்கும் தோணாது.

அதவிட பெரிய வில்லங்கம் 'மறுசுழற்சி'ங்கற முதல் பாதில இருக்கு. 'மறுசுழற்சி பாட்டில்'னா பழைய பாட்டில உருக்கி செஞ்சதா, இல்ல இனிமே உருக்கலாம்ங்கறதா? தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்ல வச்சு ஓட்டிட்டு இருக்கோம், ஆனா காசு இந்த வித்தியாசத்துலதான் நிக்குது. பிரிட்டன்ல 2022 ஏப்ரல்ல இருந்து பிளாஸ்டிக் பேக்கேஜிங் வரின்னு ஒண்ணு இருக்கு. பேக்கிங்ல ரீசைக்கிள் சரக்கு 30%க்கு கீழ இருந்தா டன்னுக்கு 200 பவுண்டு, 2025 ஏப்ரல்ல அது 223.69 ஆச்சு. நூத்துக்கு நூறு மறுபடி உருக்கக்கூடிய பாட்டில்ங்கன்னு சொன்னாலும் செஞ்ச சரக்கு புதுசா இருந்தா வரி வரிதான்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, கொஞ்சம் பொறுமையா பாருங்க. வரி மொத்த எடைக்கும் விழுது, ஆனா ரீசைக்கிள் சரக்கு வாங்க வேண்டியது அதுல 30% மட்டும். 2025 ரேட்டு 223.69ஐ 0.3ஆல வகுத்தா 745 பவுண்டு சொச்சம் வருது. அப்ப ரீசைக்கிள் சரக்கு புதுச விட டன்னுக்கு 745 பவுண்டு கூட வித்தாலும் வாங்கிப் போடறதுதான் லாபம், அதத் தாண்டினா வரியக் கட்டிட்டு பேசாம போயிடலாம். பழசு எங்கயாவது புதுச விட விலை கூடுமான்னு சிரிக்காதீங்க, ஐரோப்பாவுல உணவுக்கு ஏத்த ரீசைக்கிள் பெட் (தண்ணி பாட்டில் செய்யற பிளாஸ்டிக், PET) அப்படித்தான் வித்துருக்கு. கச்சா எண்ணெய் எறங்கினா புதுச் சரக்கு கூடவே எறங்கிடும், ஆனா பொறுக்கறவங்க கூலி, கழுவற தண்ணி, கரண்ட் பில்லு இதெல்லாம் எறங்குமா? அதுபோக பழைய பெட் பாட்டில் துண்டுக்கு பாலியஸ்டர் நார் மில்லுக்காரங்களும் போட்டிக்கு நிக்கறாங்க.

நம்ம ஊர்லயும் இது வந்தாச்சு. 2022 பிப்ரவரில இந்தியாவுல வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதிப்படி கெட்டிப் பிளாஸ்டிக் பேக்கிங்குல ரீசைக்கிள் சரக்கு 2025-26ல 30% இருக்கணும், அப்புறம் வருஷத்துக்குப் பத்து பத்தா ஏறி 2028-29ல 60%. கவர் மாதிரி மெல்லிசுக்கு ஆரம்பம் 10%, பல அடுக்குப் பாக்கெட்டுக்கு 5%. பொறுப்பு பிராண்டுக்காரங்க தலைலதான், ஆனா அவங்க 'ரீசைக்கிள் சரக்கு எத்தன சதவீதம்'னு கேக்கற ஒரு ஃபாரத்த கீழ தள்ளி விட்டுருவாங்க, அது வந்து எங்கள மாதிரி ஆளுங்க மேஜைல உக்காந்துக்கும்.

நான் இருக்கறது ஒரு சின்ன புளோ மோல்டிங் (உருகின பிளாஸ்டிக்க அச்சுக்குள்ள ஊதிச் செய்யற) யூனிட்ல, பினாயில் பாட்டில், ஆயில் கேன் போடறோம். அச்சு மூடும்போது கழுத்துலயும் அடிலயும் பிதுங்கற மிச்சப் பிளாஸ்டிக்க, அதாவது ஃபிளாஷ, வெட்டி, அரைச்சு, திரும்ப மெஷினுக்குச் சரக்கு போடற ஹாப்பர்லயே கொட்டிடுவோம், முப்பது வருஷமா இதான் பழக்கம். ஃபாரத்துல சதவீதம் கேட்ட எடத்துல எங்க சூப்பர்வைசர் அண்ணன் அந்த அரைச்சத நெனச்சுக்கிட்டு 20னு எழுதிட்டாரு. பொய் சொல்லல, அவருக்கு அது ரீசைக்கிள்தானே! ரெண்டாம் நாளே திரும்பி வந்துருச்சு. ஒரு பொருளப் பத்தி சுற்றுச்சூழல் விஷயத்துல என்ன சொல்லிக்கலாம்ங்கற சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 14021 படி அதே மெஷின்ல விழுந்து அதே வேலைக்குத் திரும்பப் போறது கணக்குல வராது, வெளிய போய் வந்த சரக்குதான் செல்லும். அப்புறம் ஆர்பி கிரானுல்ஸ், அதாவது பழைய பிளாஸ்டிக்க உருக்கிச் செஞ்ச குருணை, எறக்கினோம், சாக்கப் பிரிச்சா ஷெட்டெல்லாம் சோப்பு வாசம், வெள்ளைக் கேன் சாம்பலாதான் வந்துச்சு, கடைசில கருப்பு மாஸ்டர்பேட்ச் (நிறம் ஏத்தற குருணை) போட்டு ஒப்பேத்தினோம்.

அதனால என் யோசனை: ரீசைக்கிள் ஆகி வந்த சரக்குக்கு 'மீள்பொருள்', அதோட அளவுக்கு 'மீள்பொருள் வீதம்'. 'கலப்பு' வேணவே வேணாம், தண்ணி பாட்டில்ல '30% கலப்பு'ன்னு போட்டா சனங்க கலப்படம்னு படிச்சுட்டு சண்டைக்கு வருவாங்க. 'மீள்பங்கு'ம் யாரோ சொல்லிருந்தீங்க, அது கம்பெனிக்காரங்க தங்களோட ஷேரைத் தாங்களே திரும்ப வாங்கற மாதிரி இருக்கு. வர்ஜினுக்கு, அதாவது ரீசைக்கிள் ஆகாத புதுச் சரக்குக்கு, 'கன்னிப் பிளாஸ்டிக்'னு எழுதினவங்கள மன்னிச்சு விட்டுருவோம், 'புதுப்பொருள்' போதும்.

--------

வணக்கம் அண்ணை,

'மீள்பொருள்' நல்லாயிருக்கு, எங்கட பக்கம் ரீசைக்கிளிங்கை மீள்சுழற்சி எண்டுதான் பள்ளிக்கூடத்திலயே படிச்சனாங்கள், அதால உடன விளங்குது. ஆனா 'வீதம்' எங்களுக்குச் சரிவராது. இலங்கையில 30 வீதம் எண்டாலே 30%தான், பிறகு 'மீள்பொருள் வீதம் 30 வீதம்' எண்டு எழுத வேண்டிவரும், வாசிக்கிறவை பகிடி பண்ணுவினம். 'மீள்பொருள் பங்கு' எண்டு பிரிச்சு எழுதினா என்ன? பொருள் நடுவில நிக்கிறதால ஷேர் எண்ட குழப்பம் வராது.

இன்னொண்டு, ஆக்கள் பாவிச்சு எறிஞ்சதில இருந்து வாறதுக்கும் தொழிற்சாலைக் கழிவில இருந்து வாறதுக்கும் வேற வேற சொல் வேணுமெல்லோ?

--------

வீதம் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, சரி, 'மீள்பொருள் பங்கு'ன்னே வச்சுக்கலாம், நான் ஒத்துக்கறேன்.

நீங்க கேட்ட ரெண்டாவதுக்கு 'நுகர்பின் மீள்பொருள்', 'நுகர்முன் மீள்பொருள்'னு வச்சுப் பாத்தேன். வெட்டி ஒட்டின மாதிரிதான் இருக்கு, ஆனா 'நுகர்வுக்குப் பிந்தைய மறுசுழற்சி செய்யப்பட்ட'ன்னு எழுதினா ஃபாரத்துல கட்டம் பத்தாது. இலக்கணம் தெரிஞ்சவங்க 'நுகர்முன்' நிக்குமான்னு சொல்லுங்க. எங்க ஃபிளாஷ் அரைச்சதுக்கு மட்டும் புதுச் சொல் தேட வேணாம், ஷெட்ல எல்லாரும் 'அரைப்பு'ன்னுதான் சொல்றோம், அதையே பட்டியல்ல ஏத்திடலாம். சூப்பர்வைசர் அண்ணன் கிட்ட 'அரைப்பு வேற, மீள்பொருள் வேற'ன்னு சொல்லிப் பாத்தேன், "அத மொதல்லயே ஃபாரத்துல இப்படிப் போட்டிருக்கலாம்ல"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.