நிறுத்தின தொழிலோட கணக்கு: பார்க்கணுமா, தள்ளிடலாமா?

செக்காலைக்காரன்:
நம்ம காரைக்குடிக் குழுவுல ஒருத்தர் ஐடிசியோட 2025 மார்ச் காலாண்டு லாபத்தைப் பார்த்துட்டு "கிட்டத்தட்ட நாலு மடங்கு!"ன்னு குதிச்சார். துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த லாபம் ஏறக்குறைய 19,800 கோடி, சரிதான். அதுல சுமார் 15,000 கோடி ஹோட்டல் தொழிலைத் தனிக் கம்பெனியாப் பிரிச்சதுல வந்த கணக்கு லாபம். ரொக்கமா ஒரு ரூபாய் உள்ள வரலை. பங்கு விலை என்ன நாலு மடங்கா ஆச்சு? சந்தைக்கே தெரியுது. லாப நட்ட அறிக்கையில 'நிறுத்தப்பட்ட தொழில்'னு தனியாப் போடற அந்த ஒரு வரியை அடிச்சுட்டு, தொடர்ற தொழிலோட லாபத்தை மட்டும் பாருங்க. அவ்வளவுதான்.

கண்டனூர் ஆடிட்டர்:
அண்ணே, அந்த வரியில லாபம் இருந்தா அடிச்சுடலாம். நட்டம் இருந்தா?
இண்ட் ஏஎஸ் 105ங்கற இந்தியக் கணக்கியல் விதிப்படி ஒரு பெரிய பிரிவை வித்தாலோ, ஒரு வருசத்துக்குள்ள விக்கப்போறோம்னு வகைப்படுத்தினாலோ, அதோட வரவு செலவு எல்லாம் வருமான வரி போக ஒரே தொகையா அந்த வரியில சுருங்கிடும். போன வருசக் கணக்கையும் அதே மாதிரி மாத்திக் காட்டணும். 2010ல அக்கவுண்டிங் ரிவ்யூ இதழ்ல வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு, நடக்கிற தொழிலோட செலவை நிறுத்தின தொழில் தலையில கட்டுற கம்பெனிகள் இருக்குன்னு காட்டுச்சு. மொத்த லாபம் மாறாது, நீங்க பார்க்கிற வரி மட்டும் பளபளன்னு ஆயிடும். நீங்க அடிக்கச் சொல்றதே ஒளிச்சு வைக்கிற இடத்தைத்தான்.

பள்ளத்தூரான்:
ஆடிட்டர் ஆச்சி சொல்றது சரி. அந்தக் காலத்துல ரங்கூன் வட்டிக்கடையைச் சாத்தியாச்சுன்னு எந்த முதலாளியாவது அந்த ஐந்தொகையை, அதாவது சொத்து-கடன் கணக்கை, கிழிச்சுப் போட்டாரா? வராக்கடன் எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துக்கிட்டேதானே இருந்தாங்க. இன்னைக்கும் பிரிவை வித்த பிறகு வழக்கு, ஜாமீன், வரிப் பாக்கி பழைய கம்பெனி மேலயே நிக்கலாம்.

செக்காலைக்காரன்:
அந்த வரியே நம்பற மாதிரி இல்லை ஆச்சி. விற்பனைக்குன்னு ஒதுக்கின சொத்துக்குத் தேய்மானம் போடக்கூடாது. அதனால விக்கப்போற பிரிவு திடீர்னு நல்லா இருக்கிற மாதிரித் தெரியும். இதை வச்சு எதை எடை போடறது?

கண்டனூர் ஆடிட்டர்:
அதுக்குத்தான் கணக்கறிக்கைக்குக் கீழ வர்ற குறிப்புகளைப் படிக்கச் சொல்றேன். நிறுத்தின தொழிலோட ரொக்க ஓட்டத்தைத் தனியாச் சொல்லியே ஆகணும். லாபம் காட்டி ரொக்கம் வரலைன்னா சந்தேகப்படுங்க. தலைமை அலுவலகச் செலவு வித்த பிறகும் போகாது, மிச்சம் இருக்கிற தொழில் மேலதான் ஏறும். விற்பனை முறிஞ்சுட்டா எல்லாத்தையும் பழையபடி மாத்திக் காட்டணும். போன வருசம் பார்த்த லாபமே வேற எண்ணா நிக்கும்.

செக்காலைக்காரன்:
இருநூறு பக்க அறிக்கையைப் படிக்கச் சிறு முதலீட்டாளனுக்கு ஏது நேரம்? இபிஎஸ்ஸை, அதாவது ஒரு பங்குக்கான லாபத்தை, ரெண்டாப் பிரிச்சுத்தானே தர்றான். தொடர்ற தொழிலோடது எனக்குப் போதும்.

கண்டனூர் ஆடிட்டர்:
சரிண்ணே. பக்கத்து வரியில நட்டம் பெருத்து, அந்த இபிஎஸ் திடீர்னு ஏறுற காலாண்டுல மட்டுமாவது குறிப்பைப் புரட்டுங்க.