ஜெர்மனியில் பிஎச்.டி. முடிக்கிற வருடம்: முடிவுரைக்கு முன்னால் காகித வேலை

போன மாதம்தான் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள், இந்த வருடம் ஆய்வேட்டைக் கொடுக்கப்போகிறவர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வந்து இறங்கியவர்கள் "நமக்கு இன்னும் நாலு வருடம் கிடக்கே" என்று தாண்டிப் போக வேண்டாம். நானும் அப்படித் தாண்டிப் போனவள்தான்.

எனக்கு ஊர் சிவகாசி. கோட்டிங்கனில் காட்டியல் துறையில் பிஎச்.டி. மழை குறைந்தால் பீச் (beech, பழம் தரும் பீச் இல்லை, காட்டு மரம்) மரத்தின் வேர் என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. போன வருடம் மார்ச் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். ஜூலையில் வாய்மொழித் தேர்வு. செப்டம்பர் 30-ல் ஒப்பந்தம் முடிந்தது. நவம்பர் 1-ல் வேறு ஊரில் வேலையில் சேர்ந்தேன். இப்படி நாலு வரியில் சொன்னால் எல்லாம் தானாக நடந்த மாதிரிதான் இருக்கிறது.

இங்கே பிஎச்.டி. என்பது பெரும்பாலும் வேலை. மாநில அரசு ஊதிய அட்டவணையில் இ13 என்ற படிநிலை. அதில் பாதி, 65 சதவீதம் என்று பிரித்துத் தருவார்கள். நூறு சதவீத வேலைக்கு 65 சதவீதச் சம்பளம் என்பது எல்லா ஆய்வகத்திலும் புழங்கும் பழைய ஜோக். சம்பளம், மருத்துவக் காப்பீடு, குடியிருப்பு அனுமதி மூன்றும் ஒப்பந்தம் என்கிற ஒரே ஆணியில் தொங்குகின்றன. ஆணி என்றைக்குக் கழலும் என்று முதல் நாளே தாளில் தேதி போட்டுத் தந்துவிடுகிறார்கள். நாம்தான் கடைசி வருடம் முழுக்க அந்தத் தாளைப் பார்க்காமல் ஆறாம் அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் "வேலை தேடுகிறேன்" என்று பதிய வேண்டும். என் கணக்குக்கு அது ஜூன் கடைசி. அப்போது நான் வாய்மொழித் தேர்வுக்கு ஸ்லைடு செய்துகொண்டிருந்தேன். பதிந்தது ஜூலை பாதிக்கு மேல். தண்டனையாக ஒரு வாரத்துக்கு வேலையின்மை உதவித்தொகை கிடையாது என்று கடிதம் வந்தது. சட்டப்படி சரிதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு வாரப் பணம் போனது பெரிதில்லை. இத்தனை வருடம் படித்தும் ஒரு தேதியைப் பார்க்கத் தெரியவில்லையே என்றுதான் எரிச்சல்.

அந்த உதவித்தொகை பிச்சை இல்லை. மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடித்ததுதான். கடைசி 30 மாதத்தில் 12 மாதமாவது காப்பீடு கட்டியிருந்தால், கைக்கு வந்த சம்பளத்தில் சுமார் 60 சதவீதம் கிடைக்கும், குழந்தை இருந்தால் 67. மருத்துவக் காப்பீடும் அதோடு ஓடும். "அரசாங்கக் காசு வாங்கினால் விசாவில் கெட்ட பெயர் வரும்" என்று நம் ஆட்களிடையே ஒரு பேச்சு உண்டு. கட்டிய காப்பீட்டிலிருந்து வருவது வேறு, அடிப்படை வாழ்வாதார உதவி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வாங்க வேண்டியதை வாங்காமல் சேமிப்பைக் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு விஷயம், வேலை ஒப்பந்தம் இல்லாமல் ஸ்காலர்ஷிப்பில் வந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வேலையின்மைக் காப்பீட்டுப் பிடித்தமே கிடையாது. அவர்கள் ஆறு மாதக் கைக்காசு வைத்துக்கொண்டுதான் கடைசி வருடத்துக்குள் நுழைய வேண்டும்.

அடுத்து அனுமதி அட்டை. அதில் எந்தச் சட்டப் பிரிவு போட்டிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இங்கே படிப்பு முடித்தவர்கள் வேலை தேட 18 மாதம் வரை தங்க வழி இருக்கிறது. ஆராய்ச்சியாளர் அனுமதியில் இருப்பவர்களுக்கு விதி தனி. எதுவானாலும் அட்டை காலாவதியாகும் முன் விண்ணப்பித்துவிட வேண்டும். சந்திப்பு நேரம் கிடைக்க எத்தனை மாதம் ஆனாலும், முன்கூட்டி விண்ணப்பித்திருந்தால் இடைக்காலச் சான்று கொடுப்பார்கள். ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். சொல்லிப் பழகுவதற்குள் அட்டையே வந்துவிடும். அதில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதி தொடர்கிறது, ஊருக்குப் போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் டிக்கெட் போடாதீர்கள். தங்கச்சி கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்ப முடியாமல் தவித்த கதை எங்கள் வட்டத்திலேயே ஒன்று உண்டு.

வேலை கிடைத்து நீல அட்டைக்கு (உயர்கல்வி படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) மாறினால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு. ஜெர்மன் மொழி பி1 அளவு, அதாவது அன்றாடம் பேசிச் சமாளிக்கிற நடுநிலை அளவு, இருந்தால் 21 மாதம். நான் நாலு வருடமும் ஆங்கிலத்திலேயே ஓட்டிவிட்டேன். ஆய்வகத்தில் எல்லாரும் நம் வசதிக்கு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அந்த மரியாதைதான் நமக்கு வினை. இப்போது வேலை முடிந்து வந்து, வாரத்தில் இரண்டு சாயங்காலம் வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டே வேற்றுமை உருபு படிக்கிறேன்.

சரி, கொஞ்சம் சந்தோஷமான விஷயம். கோட்டிங்கனில் பழைய நகர மன்றத்துக்கு முன்னால் ஒரு நீரூற்று, அதன் மேல் வாத்துக்காரச் சிறுமியின் சிலை. கேன்ஸலீஸல் என்பார்கள். 1901-ல் வைத்தது. டாக்டர் பட்டத் தேர்வில் தேறியவர் மேலே ஏறி அவளுக்கு முத்தம் கொடுத்துப் பூ வைக்க வேண்டும். 1926-ல் நகர நிர்வாகம் தடைகூடப் போட்டுப் பார்த்தது, யாரும் கேட்கவில்லை. தேர்வு முடிந்ததும் ஆய்வகத்து ஆட்கள் நம்மைக் கைவண்டியில் உட்கார வைத்து ஊர்வலமாக இழுத்துப் போவார்கள். தலையில் அவர்களே ஒட்டிச் செய்த அட்டைத் தொப்பி. அதில் நம் வண்டவாளம் எல்லாம் இருக்கும். என் தொப்பியில் ஒரு பீச் இலை, வெள்ளித்தாள் சுற்றிய குட்டி பிரஷர் குக்கர், சிவப்புக் காகிதத்தில் சரவெடி. குக்கர் எதற்கென்றால், முதல் வருடம் விருந்தினர் விடுதியில் நான் வைத்த சாம்பாரின் விசில் கேட்டுப் பக்கத்து அறைக்காரர் அபாயச் சங்கு என்று நினைத்து வெளியே ஓடினார். சிலை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. கீழே இருந்தவர்கள் கத்திய கத்தலில் ஒரு பூ கை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் ஒன்றுமே தோன்றவில்லை. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. இரண்டு வாரம் அப்படியே இருந்தது. பல பேருக்கு இருக்கும், பயப்பட வேண்டாம். ஊருக்குப் போன் செய்தால் "அடுத்து கல்யாணம்தானே" என்பார்கள், அதற்கு மட்டும் ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு ஹாம் என்ற ஊரில் இருக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். ஈழத்தமிழர்கள் கட்டியது, 2002-ல் குடமுழுக்கு. பிரசாதம் தந்த அம்மா ஒருவர் "பிள்ளை எவ்விடம்?" என்று கேட்டார். படிப்பை விசாரிக்காமல் ஊரை விசாரித்தாரே, அதுவே போதுமாக இருந்தது.

இன்னொன்று, முத்தம் கொடுத்த அன்றே கையெழுத்துக்கு முன்னால் "டாக்டர்" போட்டுக்கொள்ளாதீர்கள். ஆய்வேட்டைப் பிரசுரித்து, நூலகப் பிரதிகளைக் கொடுத்து, பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே போடலாம். உரிமையில்லாத பட்டத்தைப் பயன்படுத்துவது இங்கே தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. என் சான்றிதழ் நவம்பரில் வந்தது. அதன் பிறகு வந்த காப்பீட்டுக் கடிதத்தின் உறையில் "ஃப்ராவ் டாக்டர்" (ஃப்ராவ் என்றால் பெண்ணுக்குப் போடும் மரியாதைச் சொல்) என்று போட்டு அப்பா பெயர். நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பைண்டிங் பட்டறைக்குப் போன மனுஷன். உறையைப் படம் எடுத்து அனுப்பினேன். "எனக்கு எதுக்கு லெட்டர் போட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

வீடு மாறுவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ். புது வீட்டு முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. அதற்கு மேல் கேட்டால் தர வேண்டியதில்லை. குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு. பதிந்த கொஞ்ச நாளில் வானொலி, டிவி கட்டணக் கடிதம் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லை என்ற பதில் செல்லாது.

சமையலறைதான் அதிர்ச்சி. வாடகை வீடு பலவற்றில் சமையலறை இருக்காது. அறை இருக்கும், உள்ளே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு இரண்டு குழாய் வாயும் ஒரு மின்கம்பியும் மட்டும். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் முன்னால் இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். நான் மூன்று வாரம் தரையில் இன்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைத்து, குளியலறைப் பேசினில் குக்கர் கழுவினேன். கடுகு அடைத்துக்கொண்டது. வீடு பார்க்கும்போதே காலி செய்கிறவரிடம் "சமையலறையை எனக்கே விற்றுவிடுகிறீர்களா" என்று கேட்டுவிடுங்கள், அது இங்கே சகஜம்.

ஆய்வேடு அச்சடிக்கும் செலவைப் பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். வேலையிலிருந்துகொண்டு செய்த பிஎச்.டி. என்றால் அச்சுச் செலவை வருமான வரிக் கணக்கில் காட்டலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை பிரதி நூலகத்துக்கு என்பது துறைக்குத் துறை மாறும். நான் வீட்டுக்கென்று ஒன்று கூடுதலாக அடித்து அனுப்பினேன். அப்பா வீடியோவில் வந்தார். பக்கத்தைப் புரட்டவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்து முதுகை விரித்தார், கட்டை விரலால் ஓரத்தை நெம்பினார். "ஏம்மா, வெறும் பசை போட்டு ஒட்டியிருக்கான். ஒரு தையல்கூட இல்லை. நாலு வருஷம் படிச்ச புஸ்தகம், நாலு தடவை விரிச்சா ஏடு ஏடா வந்திரும்." இப்போது பட்டறையில் ஃபாரம் ஃபாரமாக மடித்து, நூல் தையல் போட்டு, காலிகோ துணி ஒட்டிய அட்டையில் ஐந்து பிரதி தயாராகிறது. உங்களில் யாருக்காவது வேண்டுமானால் பி.டி.எஃப். அனுப்பினால் போதும் என்கிறார். தீபாவளி முடிந்து டிசம்பர் வரைக்கும் காலண்டர் சீசன், அப்போது மட்டும் கேட்காதீர்கள்.