40,000 ரூபாய்க்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? டாலர் விலைக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் விலைக்கும் ஏன் இவ்ளோ தூரம்?

தண்டையார்பேட்டை_144

வணக்கம். பட்ஜெட் 40,000. இப்ப இருக்கிறது ரைசன் 5 5600 சிபியு, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 550 வாட் ப்ரான்ஸ் தர எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். அடுத்த வருஷம் 1440பி (இன்னும் கூர்மையான திரை) போகலாம்னு எண்ணம். பாதி நேரம் வேலரன்ட், மீதி நேரம் பெரிய கதை கேம்.

ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி வெளியானப்போ 349 டாலர்னு அறிவிச்சாங்க. டாலரை 90 ரூபாய்னு வெச்சாலும் 31,410தான் வருது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் சந்தையில ரெண்டு ஃபேன் மாடலுக்கு 39,500, மூணு ஃபேனுக்கு 44,000 சொல்றாங்க. என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி 33,000. 5060 டிஐ 16 ஜிபி 50,000 கிட்ட. 8,000 ரூபா எங்கே போகுது? கடைக்காரர் ஏத்தி விக்கிறாரா, இல்ல இதுதான் நியாயமான விலையா? இந்த நாலுல எதுக்குக் காசு போடலாம்?

பெரம்பூர்_லோகோ

தம்பி, 349 டாலர்ங்கிறது அமெரிக்காவுல வரி சேர்க்காத விலை. அங்க மாநில வரியை பில் போடும்போது மேல சேர்ப்பாங்க. நம்ம ஊர் விலையில 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயே இருக்கு. 31,410க்கு 18 சதவீதம் சேர்த்தா 37,064. அதுக்கு மேல கப்பல் கூலி, டிஸ்ட்ரிபியூட்டர், கடை லாபம்.

அந்த "மேல" எவ்வளவு இருக்கலாம்னு என்விடியாவோட இந்திய விலையை வெச்சே கண்டுபிடிக்கலாம். 2025 ஜனவரியில 5090க்கு 1,999 டாலர், இங்க 2,14,000 ரூபாய். 5080க்கு 999 டாலர், இங்க 1,07,000. 5070 டிஐக்கு 749, இங்க 80,000. 5070க்கு 549, இங்க 59,000. எதை வகுத்தாலும் ஒரு டாலருக்கு 107 ரூபாய்தான் வரும். அப்ப டாலர் 86 பக்கம் இருந்துச்சு. 86ஐ 1.18ஆல பெருக்கினா 101.5. ஆக வரிக்கு மேல அஞ்சரை சதவீதம்தான் வெச்சிருக்காங்க. ரூபாய் 2025 டிசம்பர்ல 90ஐத் தாண்டிடுச்சு. அதே கணக்கை 90க்குப் போட்டா ஒரு டாலருக்கு 112.

இனி எந்தக் கார்டு வந்தாலும் அறிவிச்ச டாலர் விலையை 112ஆல பெருக்கிப் பாருங்க. 9060 எக்ஸ்டி 16 ஜிபி 39,100. 5060 33,500. 5060 டிஐ 16 ஜிபி 48,000. இன்டெல் ஆர்க் பி580 (249 டாலர்) 27,900. டாலர் நகர்ந்தா 112ஐயும் நகர்த்திக்கோங்க, 1 ரூபாய்க்கு 1.25 கணக்குல.

ஆகவே உங்களுக்குச் சொன்ன 39,500 நியாயம். 5060க்கு 33,000ம் நியாயம். 5060 டிஐக்கு 2,000 ரூபாய் கூட. 44,000 ரூபாய் மூணு ஃபேன்தான் தண்டம். 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டோட மொத்த மின் வரம்பே 160 வாட். நல்ல ரெண்டு ஃபேன் கூலர் அதைச் சத்தமில்லாம அடக்கிடும். ஃபேக்டரி ஓவர்க்ளாக்ல (கம்பெனியே ஏத்தி வைக்கிற வேகம்) கிடைக்கிறது ரெண்டு மூணு சதவீதம், அதுக்கு 4,500 ரூபா, அதாவது பதினொரு சதவீதம் கூடுதல் விலை. அந்தக் காசை 1440பி மானிட்டருக்குன்னு எடுத்து வைங்க.

கொளத்தூர்_பில்டர்

விலைக் கணக்கு சரி. ஆனா உங்க போர்டை வெச்சுப் பார்த்தா 33,000க்குக் கூட 5060 வேண்டாம்னுதான் சொல்வேன்.

பி450ல கார்டு ஸ்லாட் பிசிஐஇ 3.0 (கார்டும் போர்டும் தகவல் மாத்திக்கிற வழி, பழைய தலைமுறை). சிபியு 4.0 தாங்கும், போர்டு தாங்காது. 5060, 5060 டிஐ ரெண்டுமே 8 லேன் (தகவல் போற தடம்) கார்டு. 5.0 போர்டுல அது குறையே இல்ல. 3.0ல 8 லேன்னா நொடிக்கு 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 9060 எக்ஸ்டிக்கு 16 லேன் முழுசா இருக்கு, அதே போர்டுல 16 ஜிபி பக்கம் வரும்.

கார்டு மெமரி நிரம்பாத வரைக்கும் இந்த வித்தியாசம் சில சதவீதத்தோட போயிடும். நிரம்பினதும்தான் வினை. வழிஞ்ச டெக்ஸ்சரை சிஸ்டம் ரேம்ல வெச்சு அந்தக் குறுகலான வழியா இழுத்துட்டு வரணும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 70ன்னு காட்டும், ஆனா திரும்பும்போதெல்லாம் வெட்டி வெட்டி நிக்கும். சில கேம் நிக்காது, டெக்ஸ்சரை மங்கலாக்கிடும், காரணமே தெரியாது. 8 ஜிபி கார்டு, 8 லேன், 3.0 போர்டு மூணும் சேர்ந்தா உங்க 1440பி திட்டத்துக்கு ஆகாது. சராசரி எஃப்பிஎஸ் மட்டும் போடுற ரிவியூவை நம்பாதீங்க, ஒரு சதவீத லோ, அதாவது மோசமான ஒரு சதவீத ஃபிரேம்ல எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க.

5060 டிஐ 16 ஜிபியில மெமரி வழியாது, அதனால 8 லேன் பெரிசாக் கடிக்காது. நல்ல கார்டுதான். 50,000ங்கிறது உங்க பட்ஜெட் இல்ல, அவ்வளவுதான்.

பி580 12 ஜிபி, விலையும் குறைவு. ஆனா ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் சிபியு ஒரே நேரத்துல தொட விடுற வசதி) இல்லாம அதை ஓட்டவே கூடாது. தவிர 5600 மாதிரி ஆறு கோர் சிபியுவுல அதோட டிரைவர் சிபியுவை அதிகம் தின்னுதுன்னு 2025 ஜனவரியிலேயே வெளிய வந்துச்சு. புது சிபியு வெச்சிருக்கிறவங்க பார்க்கலாம்.

முக்கியமா ஒண்ணு. 9060 எக்ஸ்டியில 8 ஜிபியும் இருக்கு. 5060 டிஐயிலயும் அப்படியே. பேர் ஒண்ணுதான், டப்பாவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். "9060 எக்ஸ்டி 36,000க்குத் தர்றேன்"னு ஒருத்தர் சொன்னா முதல்ல எத்தனை ஜிபின்னு கேளுங்க.

ராயபுரம்_ஷேடர்

கொஞ்சம் மாத்திச் சொல்றேன் ப்ரோ. வேலரன்ட் மட்டும்னா கார்டே மாத்த வேணாம். 1660 சூப்பர் 144ஐத் தாண்டித்தான் ஓட்டும், அந்த கேம்ல சிபியுதான் முட்டும். செலவுக்கு நியாயம் கதை கேம்லதான் இருக்கு. டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி கேமுக்கு ரே டிரேசிங் (ஒளி எப்படி விழும்னு கணக்கிட்டு வரையுற) ஹார்டுவேர் கட்டாயம். 1660 சூப்பர்ல அது கிடையாது, செட்டிங் குறைச்சாலும் ஆகாது.

என்விடியா பக்கம் ரெண்டு விஷயம் உண்மையிலேயே காசு பெறும். டிஎல்எஸ்எஸ் (சின்னதா வரைஞ்சு திரைக்கு ஏத்த மாதிரி பெரிசாக்குற வசதி) அதிக கேம்ல இருக்கு. பிளெண்டர் 3டி மென்பொருள்ல ரெண்டர் பண்றவங்களுக்கு என்விடியாதான் வேகம். டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஏஎம்டியோட பதிலான எஃப்எஸ்ஆர் 4 9060 எக்ஸ்டியில இருக்கு, அதோட படத்தரம் முந்தைய எஃப்எஸ்ஆரை விட ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நீங்க ஆடுற கேம்ல அது இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.

மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் எண்ணை மட்டும் விலைக் கணக்குல சேர்க்காதீங்க. 549 டாலர் 5070, முந்தைய தலைமுறை உச்சக் கார்டான 4090 அளவு ஓடும்னு 2025 சிஇஎஸ் கண்காட்சி மேடையில என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் சொன்னது அந்த எண்ணை வெச்சுத்தான். ஒரு நிஜ ஃபிரேமுக்கு மூணு ஃபிரேம் இட்டுக்கட்டினா கவுன்டர்ல நாலு மடங்கு காட்டும், மவுஸ் அசைவுக்குப் பதில் வர்ற நேரம் குறையாது. அடிப்படை 60 இருந்தா பார்க்க வழவழன்னு இருக்கும். 30ல இருந்து 120 ஆக்கினா கை கனமா இருக்கும்.

தண்டையார்பேட்டை_144

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு ஃபேன் 9060 எக்ஸ்டி 16 ஜிபின்னு முடிவு பண்ணிட்டேன். வாங்கும்போது எதைப் பார்க்கணும்? பி450ல மாட்டும்போது என்ன தகராறு வரும்? கொஞ்ச நாள் பொறுத்தா விலை இறங்குமா?

திருவொற்றியூர்_தேரடி

பொறுத்தா இறங்கும்னு எனக்குத் தோணலை. மெமரி சிப் எல்லாம் ஏஐ சர்வர் பக்கம் போய்க்கிட்டு இருக்கு. மெமரி கம்பெனி மைக்ரான் 2025 டிசம்பர்ல தன்னோட க்ரூஷியல் பிராண்டு நுகர்வோர் வியாபாரத்தையே நிறுத்துறதா அறிவிச்சுது. மெமரி விலை ஏறினா 8 ஜிபியை விட 16 ஜிபி கார்டுக்குத்தான் அடி அதிகம். 39,500க்குக் கையில கிடைச்சா எடுத்துடுங்க.

உங்களுக்குத் தண்டையார்பேட்டையில இருந்து மெட்ரோவுல நேரா அரசினர் தோட்டம், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும். கடையில கேட்க வேண்டியது: ஜிஎஸ்டி பில், பில்லுல கார்டோட சீரியல் நம்பர். "பில் இல்லாம 2,000 குறைச்சுத் தர்றேன்"னா வேண்டாம். வெளிநாட்டுல இருந்து நேரா வந்த கார்டா இருந்தா அந்த சீரியல் நம்பரை இந்திய சர்வீஸ் சென்டர் ஏத்துக்காது. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி நம்பரை பிராண்டோட வாரன்ட்டி பக்கத்துல போட்டுப் பாருங்க. டப்பா மேல இருக்கிற நம்பரும் கார்டு மேல இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். எஸ்எம்பிஎஸ்சோ கேபினட்டோ சேர்த்து வாங்கினாத்தான் கார்டு தருவேன்னா அடுத்த கடைக்குப் போங்க. நோ காஸ்ட் இஎம்ஐ போட்டா வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உண்டு, அதையும் விலையோட சேர்த்துக்கோங்க.

மாட்டுற வேலை. பழைய கார்டு ஸ்லாட்டுல இருக்கும்போதே பயாஸ் (போர்டோட அடிப்படை மென்பொருள்) வேலையை முடிங்க. 5600ல உள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டைக் கழட்டினா திரை வராது. பயாஸ் புதுசாக்கும்போது கரன்ட் போனா போர்டே படுத்துடும், யூபிஎஸ் இல்லாம கை வைக்காதீங்க. பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) போட்டிருந்தா ரிகவரி கீயை முன்னாடியே எழுதி வைங்க. பயாஸ் மாறினா எஃப்டிபிஎம் (அந்தப் பூட்டோட சாவியை வெச்சிருக்கிற இடம்) அழிஞ்சு அந்தக் கீயைக் கேட்கும். எக்ஸ்எம்பியும் (ரேமை முழு வேகத்துல ஓட்டுற அமைப்பு) அணைஞ்சுடும், ரேம் 3200ல இருந்து 2133க்கோ 2400க்கோ இறங்கியிருக்கும். அதைத் திரும்பப் போடாம "புதுக் கார்டு ஓடலை"ன்னு நொந்துக்கிறவங்க நிறைய.

அடுத்து பயாஸ்ல சிஎஸ்எம் (பழைய பூட் முறைக்கான அமைப்பு) அணைக்கணும், அபவ் 4ஜி டிகோடிங்கும் ரீசைசபிள் பாரும் போடணும். இங்கதான் பலர் மாட்டுவாங்க. விண்டோஸ் டிஸ்க்கைப் பிரிக்கிற பழைய எம்பிஆர் முறையில இருந்தா, சிஎஸ்எம் அணைச்சதும் பூட்டே ஆகாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிஸ்க்கோட ப்ராப்பர்ட்டிஸ் போய் பார்ட்டிஷன் ஸ்டைல் பாருங்க. எம்பிஆர்னு இருந்தா ஃபைலை வெளிய காப்பி எடுத்துட்டு, விண்டோஸ்லயே இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி கருவியால மாத்திட்டு அப்புறம் சிஎஸ்எம்மைத் தொடுங்க.

டிரைவர்: நெட்டைத் துண்டிச்சுட்டு, சேஃப் மோடுல டிடியு (டிரைவரை முழுசா நீக்குற கருவி) போட்டு என்விடியா டிரைவரை எடுங்க. நெட் இருந்தா விண்டோஸ் நடுவுல வேற டிரைவரைத் திணிக்கும். அப்புறம் கார்டு மாத்தி, முன்னாடியே இறக்கி வெச்ச ஏஎம்டி டிரைவரைப் போடுங்க.

முடிச்சதும் ஜிபியு-இஸட் (கார்டு விவரம் காட்டுற மென்பொருள்) திறங்க. மெமரி 16384 எம்பி, ஆர்ஓபி 64, ரீசைசபிள் பார் எனேபிள்டு. பஸ் இன்டர்ஃபேஸ்ல 16 லேன், 3.0. சும்மா இருக்கும்போது 1.1னு காட்டும், லோடு கொடுத்துப் பார்க்கணும். 8 லேன்னு வந்தா கார்டு கீழ் ஸ்லாட்டுல இருக்கு, இல்ல சரியா உட்காரலை. அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிட்டு எட்ஜ் சூட்டையும் (சிப்போட ஓரம்) ஹாட்ஸ்பாட்டையும் (சிப்ல அதிகச் சூடான இடம்) பாருங்க. ரெண்டுக்கும் 30 டிகிரிக்கு மேல இடைவெளி இருந்தா கூலர் சரியாப் பதியலை, மாத்திக் கேளுங்க.

நம்ம பக்கத்துக்குன்னு ஒரு தொல்லை உப்புக்காத்து. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ல கடல் பக்கம் ஜன்னல் இருந்தா கேபினட்டை அதுக்கு நேரா வைக்காதீங்க. முதல்ல பிராக்கெட்டும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும், அப்புறம் கூலிங் ஃபின். துருவைக் காட்டி வாரன்ட்டியை மறுக்கிறது சகஜம். உள்ளிழுக்கிற ஃபேன் வெளித்தள்ளுற ஃபேனை விட ஒண்ணு கூட இருக்கட்டும், ஃபில்டர் வழியா மட்டும் காத்து வரும். மழைக்காலத்துல நாலஞ்சு நாள் அணைச்சே வைக்காம தினம் கொஞ்ச நேரம் ஓட விடுங்க, உள்ளே ஈரம் தங்காது. தூசு ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, இல்லைன்னா பேரிங் போயிடும்.

கொளத்தூர்_பில்டர்

கரன்ட் கணக்கும் சேர்த்துடறேன். 160 வாட், தினம் 4 மணி நேரம், 60 நாளைக்கு 38 யூனிட். வீட்டு ரீடிங் ரெண்டு மாசத்துக்கு 470, 480ன்னு வர்றவங்க கவனிக்கணும். 500ஐத் தாண்டினா 101ல இருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்கும் விலை கூடிடும். எஃப்பிஎஸ்ஸை 144ல பூட்டி வைங்க, வேலரன்ட் ஆடும்போது கார்டு பாதி வாட்டுல போயிடும்.

தண்டையார்பேட்டை_144

ஒரே சந்தேகம் அண்ணா. 550 வாட் போதுமா? பழைய கார்டுக்குப் போட்ட அதே 8 பின் ஒயரே போடலாமா?

பெரம்பூர்_லோகோ

தாராளமாப் போதும். கார்டு 160, சிபியு 76, மீதியெல்லாம் 60ன்னு வெச்சாலும் 300 வாட் பக்கம்தான். பெரும்பாலான ரெண்டு ஃபேன் மாடல்ல ஒரே 8 பின். அது 150, ஸ்லாட் 75, மொத்தம் 225 வரைக்கும் தாங்கும். இப்ப 1660 சூப்பருக்குப் போற அதே 6+2 ஒயர்தான். 4+4னு பிரியுறது சிபியு ஒயர், அதை அழுத்தித் திணிக்காதீங்க. மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா அதோட டப்பாவுல வந்த ஒயரை மட்டும் போடுங்க. வேற எஸ்எம்பிஎஸ் ஒயர் பொருந்துற மாதிரியே இருக்கும், பின் வரிசை மாறியிருந்தா கார்டு அங்கேயே எரிஞ்சுடும்.