செயலியின் நிமிடக் கணக்கு ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கிறது, சராசரியை நம்பலாமா?

சிப்புட்_டீச்சர்
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலைநேரக் கணித வகுப்பு எடுக்கிறேன். எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். பயிற்சிக்கு ஒரு செயலி உண்டு. யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று மாதாமாதம் எக்செல் கோப்பு வரும். 2021-இல் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யுபிஎஸ்ஆர் போனதிலிருந்து காட்டுவதற்கு வேறு எண் இல்லை. செலவை ஏற்கும் குழு இதைப் பிடித்துக்கொண்டு, "சராசரி எவ்வளவு டீச்சர்?" என்கிறது. சராசரியைப் பார்த்தால் எல்லாரும் விழுந்து விழுந்து படிப்பதுபோல் இருக்கிறது. வகுப்பில் அப்படித் தெரியவில்லையே! எத்தனை நிமிடத்துக்கு எத்தனை பேர் என்று தூண் படம் (ஹிஸ்டோகிராம்) போட்டால் இடது ஓரத்தில் ஓர் உயரத் தூண், அப்புறம் வெறும் தரை, வலக்கோடியில் சில குச்சிகள். அந்தக் குச்சிகளை எடுத்துவிடலாமா?

லாடாங்_பையன்
எடுக்காதீர்கள் டீச்சர். ஐந்து பேர் 0, 4, 6, 10, 380 நிமிடம் என்று வையுங்கள். சராசரி 80. அந்த 80-க்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. இடைநிலை, அதாவது வரிசையில் நடுவே நிற்கும் எண், 6. குழுவுக்கு அதைச் சொல்லுங்கள். பூஜ்யங்களைத் தனியாகப் பிரியுங்கள், செயலியைத் திறக்காத பிள்ளையின் கதையே வேறு. மிச்சத்தை லாக் அளவில் வரையுங்கள்: 1, 10, 100 சம இடைவெளியில் வரும், தூணுக்குள் ஒளிந்திருப்பவர்கள் விரிந்து தெரிவார்கள். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது என்பதால் சிலர் எல்லாவற்றோடும் 1 கூட்டுவார்கள். எனக்குப் பிடிக்காது, பூஜ்யம் ஏன் வந்தது என்ற கேள்வியே அமுங்கிப் போகும். சரி, அந்த வலக்கோடி ஆட்கள் யார்?

சிப்புட்_டீச்சர்
ஒரு கணக்கைத் திறந்து பார்த்தேன். ஆறாம் ஆண்டுப் பின்னக் கணக்குகளுக்கு நடுவே இரண்டாம் ஆண்டுக் கூட்டல்! அம்மாவைக் கேட்டால், "வீட்டில் ஒரே போன்தான் டீச்சர், மூன்று பேரும் அதில்தான்" என்கிறார். இன்னொன்றும் புரியவில்லை. பயன்பாடு உச்சத்தில் இருப்பது நண்பகல் 12 மணிக்கு. அப்போது பிள்ளைகள் பள்ளியில், கையில் போனே இருக்காது.

கம்பார்_கணினி
அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரமாக இருக்கும். நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 12 என்றால் இங்கே இரவு 8, அப்பா போனோடு வீட்டில் இருக்கும் நேரம். நாள்வாரியாகப் பிரித்தாலும் கவனம், யுடிசியில் தேதி மாறுவது நமக்குக் காலை 8-க்கு. திறந்து வைத்துவிட்டுத் தூங்கினாலும் நிமிடம் ஓடுகிறதா என்று செயலிக்காரர்களைக் கேளுங்கள். 30 நிமிடம் யாரும் தொடாவிட்டால் அந்த அமர்வு (ஒருமுறை திறந்து பயன்படுத்துவது) முடிந்ததாகக் கொள்வது பரவலான வழக்கம்.

சிப்புட்_டீச்சர்
இரவு 8 சரியாகப் பொருந்துகிறது, நன்றி தம்பி. அறிக்கையில் இனி 'மாணவர்' என்று போடாமல் 'போன்' என்றே போடுகிறேன், குழுத் தலைவர் முகம் சுளித்தாலும் சரி. பூஜ்யப் பட்டியலையும் பிரித்தேன். பாதிப் பேர் ஒரே லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பிள்ளைகள். அங்கே போனுக்கு லைன் வராது. அவர்களுக்குப் பயிற்சித்தாள் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.