மெட்டல் டிடெக்டருக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்கிழமைக்குள்

வாடிப்பட்டியிலிருந்து, திங்கள் இரவு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளித் தொன்மை மன்றத்துக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அக்காள் மகன் இங்கிலாந்திலிருந்து மெட்டல் டிடெக்டர் ஒன்று கொண்டுவந்திருந்தான். அங்கே பலருக்கு அது வார விடுமுறைப் பொழுதுபோக்காம். ஞாயிற்றுக்கிழமை, கடலை பிடுங்கிய எங்கள் சொந்தப் புஞ்சையில் பன்னிரண்டு பிள்ளைகளோடு இறங்கினோம். மதியம் வரை கிடைத்தவை: சோடா மூடி பத்தொன்பது, பாதி மாட்டு லாடம், ஒரு கொழுவின் முனை, ஓர் ஓட்டைக் காலணா. காலணாவை எடுத்த பெண் எச்சில் தொட்டுத் துடைத்தாள். 1944 என்று தெரிந்தது. ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, “ஐயா, இந்தக் கம்புக்குத் தமிழில் என்ன பெயர்?” என்றாள். “மெட்டல் டிடெக்டர்” என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உதவுங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

இதில் என்ன தயக்கம்? உலோகங்காணி. கேட்டவுடனே புரியும், வாயிலும் உட்காரும். முடித்துக்கொள்ளலாம்.

மேலூரிலிருந்து:

முடித்துக்கொள்ள இது வாய்க்கால் வெட்டு அல்ல, தம்பி. ‘உலோகம்’ வடசொல். நமக்கு ‘மாழை’ இருக்கிறது. பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் அதைப் பொன்னுக்கும் சொல்லும், உலோகக் கட்டிக்கும் சொல்லும். எனவே மாழைகாணி. அடுத்து, ‘காணி’ தனித்து நின்றால் நிலம். கணக்கில் எண்பதில் ஒரு பங்கு. மூன்று சேர்ந்தால் முக்காணி, ஒரு காணியில் கால் பங்கு முந்திரி. ‘உலோகங்காணி’ என்று எழுதினால் பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் எண்பதில் ஒரு பங்கு உலோகம் எங்கே என்று கேட்பார்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

அந்தக் கணக்குப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறார் என்று சொன்னால் நேரில் போய் விளக்கிவிடுகிறேன். கண்காணி என்ற சொல் இருக்கும்போது இது ஏன் கூடாது? ‘மாழை’ என்றால் பிள்ளைகள் மழையைத்தான் நினைப்பார்கள். ஆழ்வார் பாசுரத்தில் சீதை ‘மாழை மான் மட நோக்கி’. அங்கே எந்த உலோகம் ஐயா?

அனுப்பானடியிலிருந்து:

நான் இலக்கணம் படித்தவன் அல்லன், முப்பது ஆண்டுகள் ரேடியோ பழுதுபார்த்தவன். நீங்கள் இருவரும் ‘காணி’யைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கருவி எதையும் காண்பதில்லை. கீழேயுள்ள தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. மண்ணுக்குள் மாறும் காந்தப்புலம் இறங்குகிறது. வழியில் காசு கிடந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்ப, இன்னொரு சுருள் அதை வாங்கிக் கூவுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு மின்காந்தத் தூண்டல் என்று பெயர். ஆகவே உலோகத் தூண்டில் என்கிறேன். நீளக் கம்பு, நுனியில் ஒரு பொறி, கையில் பொறுமை, உருவமும் பொருந்துகிறது. பாண்டியன் காசில் மீன்தானே இருக்கிறது, தூண்டில் போடாமல் எப்படிப் பிடிப்பது?

வாடிப்பட்டியிலிருந்து:

ஐயா, இதைப் படித்துவிட்டு வகுப்பில் வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளைகளுக்கும் இதுதான் பிடிக்கிறது.

மேலூரிலிருந்து:

நயம் இருக்கிறது, பொருத்தம் இல்லை. தூண்டில் மீனை வெளியே இழுக்கும். இது இடத்தைச் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது; தோண்டுவது களைக்கொத்து. மாழை வேண்டாமென்றால் ‘பொன்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பொன் என்கிறோம், வெள்ளி வெண்பொன், இரும்பு கரும்பொன். பழந்தமிழில் உலோகம் அனைத்தும் பொன்னே. பொன்காணி.

தெப்பக்குளத்திலிருந்து:

காசு சேர்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், ஐயா, தயவுசெய்து பொன்காணி வேண்டாம். பள்ளிக் குறிப்பில் அந்தப் பெயர் வந்தால் அன்றிரவே அந்தப் புஞ்சையில் மண்வெட்டியோடு நாலு பேர் நிற்பார்கள். ஏற்கெனவே புதையல் பைத்தியத்துக்கு நம் பக்கத்தில் குறைவில்லை.

குறிப்பில் சொல்லைவிட முக்கியமானது ஒன்று விடுபட்டுவிடக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். உங்கள் காலணா தப்பித்தது. கீழடிப் பக்கம் இந்தக் கம்போடு யாரும் போய்விடக் கூடாது என்றும் எழுதுங்கள். அங்கே 2015-இல் தொடங்கிய அகழாய்வில் ஒரு பானை ஓட்டுக்குக்கூட அது கிடந்த மண்ணடுக்கில்தான் மதிப்பு. பிடுங்கி எடுத்த காசுக்கு ஊரும் இல்லை, காலமும் இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். வைகை மணலைச் சல்லடையில் அரித்துக் காசு எடுப்பவர்களிடம்தான் என் முதல் சதுரச் செப்புக்காசை வாங்கினேன். நகைப் பட்டறைத் தெருவில் குப்பை மண்ணைக் கூட்டி அலசுபவர்களும் ‘அரிப்பது’ என்றுதான் சொல்வார்கள். நிலத்தில் உலோகம் தேடுகிற வேலைக்கு நம் ஊரில் கைப்பழக்கமாக ஒரு வினை இருக்க, நிகண்டுக்கு ஏன் ஓடுகிறோம்?

அனுப்பானடியிலிருந்து:

அரிப்பான் என்று வைத்தால் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள், அம்மா.

வாடிப்பட்டியிலிருந்து, வியாழன் இரவு:

எல்லாருக்கும் நன்றி. தனியே எழுதியவர்களையும் சேர்த்தால் உலோகங்காணிக்கு ஆறு பேர், தூண்டிலுக்கு மூவர், மாழைக்கு ஒருவர். ஆறில் இருவர் “எதையாவது போட்டு முடியுங்கள்” என்றுதான் எழுதியிருந்தார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். தலைப்பில் உலோகங்காணி. சட்டப் பத்தியை முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். கருவி வேலை செய்யும் விதத்தை விளக்கும் பத்தியில் மட்டும் தூண்டில் ஒருமுறை வருகிறது. அதை எடுக்க மனம் வரவில்லை.

மேலூரிலிருந்து:

அச்சாகட்டும். என் மறுப்பு பதிவாகியிருந்தால் போதும். அந்தக் கருவியில் இரும்பை மட்டும் விலக்கிவிட்டு மற்றதற்குக் கூவச் செய்யும் விசை ஒன்று இருக்குமாமே, அதற்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்?