தம்பி ஓட்டுற குட்டி விமானத்துல அப்பா அம்மா நியூயார்க் போறாங்க: இறங்கினப்புறம் டோலும் டிராபிக்கும் எப்படிச் சமாளிக்கிறது?

காட்பாடி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

என் தம்பி இங்கேயே வேலூர் வி.ஐ.டி.யில படிச்சவன். இப்போ பென்சில்வேனியாவுல ஹாரிஸ்பர்க் பக்கம் வேலை. போன வருஷம் பிரைவேட் பைலட் லைசன்ஸ் வாங்கிட்டான். அப்பாவும் அம்மாவும் மே மாசம் அவன்கிட்ட போறாங்க. கிளப்புல செஸ்னா 172 வாடகைக்கு எடுத்து, ரெண்டு பேரையும் நியூயார்க் கூட்டிட்டுப் போறதா சொல்றான். நாலு சீட் விமானம். ஒன்றேகால் மணி நேரம் பறக்கணுமாம். அவன் பறக்கிறதைப் பத்தி எனக்குப் பயமில்ல, நிதானமான பையன். இறங்கின இடத்துல கார் எடுத்து மன்ஹாட்டனுக்குள்ள ஓட்டிட்டுப் போவேன்னு சொல்றான் பாருங்க, அதுதான் உறுத்துது.

அப்பாவுக்கு 71 வயசு. முப்பது வருஷம் ராணிப்பேட்டையிலிருந்து சென்னை துறைமுகத்துக்குத் தோல் லோடு லாரி ஓட்டினவர். "டோல்ல கேட்டும் இல்ல, ஆளும் இல்லன்றியே, அப்புறம் யார்கிட்டடா காசு கட்றது?"ன்னு தம்பியைக் கேட்டுக்கினே இருக்காரு. அவனுக்கே சரியா பதில் தெரியல. அம்மாவுக்கு மூட்டு வலி, சுகர். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்புல இருபது நிமிஷம் வண்டி நின்னாலே பாத்ரூமுக்குத் தவிச்சுப் போயிடுவாங்க.

எங்க இறங்கினா நல்லது? டோல் எப்படிக் கட்றது? கார் எடுக்கத்தான் வேணுமா?

குடியாத்தம்–எடிசன்:

அக்கா, நான் குடியாத்தம். நியூஜெர்சி எடிசன்ல 14 வருஷமா இருக்கேன். கார் யோசனையை முதல்ல விடச் சொல்லுங்க.

நியூயார்க்கைச் சுத்தி சின்ன விமானம் இறங்க நாலஞ்சு இடம் இருக்கு. டெட்டர்பரோ ரொம்பக் கிட்ட, மன்ஹாட்டன் நடுப்பகுதிக்கு 19 கிலோமீட்டர் வாக்கில வரும். ஆனா அது பெரிய கம்பெனிகளோட ஜெட் வந்து போற இடம், கட்டணமும் அதுக்குத் தகுந்த மாதிரி. கால்டுவெல் சின்ன விமானத்துக்குத் தோதான இடம்தான், அங்கிருந்து ரோட்டுல வந்தா ரூட் 46, ரூட் 3, அப்புறம் ஹட்சன் ஆத்துக்கு அடியில போற லிங்கன் டனல் வாய்ல ஊர்ந்து போகணும். காலை நேரத்துல அந்த டனலுக்குப் பஸ்ஸுக்குன்னே தனி லேன் விடறாங்க. கார்ல உக்காந்துக்கிட்டு பக்கத்துல பஸ் பறந்து போறதைப் பார்த்திருக்கேன், வயிறு எரியும். லாங் ஐலண்ட்ல ஃபார்மிங்டேல் ரிபப்ளிக்ல இறங்கினா டோல் இல்லாத பாலம் நாலு உண்டு: குயின்ஸ்பரோ, வில்லியம்ஸ்பர்க், மன்ஹாட்டன், புரூக்ளின். காசு மிச்சம், நேரம் மிச்சமாகாது.

நான் சொல்றது லிண்டன். ஒரே ரன்வே, 1,260 மீட்டர் இருக்கும். நம்ம வேலூர் அப்துல்லாபுரம் விமான ஓடுதளம் 850 மீட்டர்னு வெச்சுக்கங்க, அதைவிட நீளம். கண்ட்ரோல் டவர் கிடையாது. முக்கியமா, லிண்டன் ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே. நியூஜெர்சி டிரான்சிட் ரயில் நேரா மன்ஹாட்டன் பென் ஸ்டேஷனுக்குப் போகும், முக்கால் மணிக்குள்ள. அம்மாவுக்குப் படி ஏற முடியாதுன்னா இன்னும் கொஞ்ச தூரம் டாக்சியில மெட்ரோபார்க் போயிடுங்க, அங்க லிஃப்ட் இருக்கு. அதே ரயில்தான்.

டோல் விஷயம். ஹட்சன் ஆத்தைத் தாண்டி நியூயார்க்குக்குள்ள போறப்போ மட்டும் வாங்குவாங்க, திரும்பி வர்றப்போ கிடையாது. நெரிசல் நேரத்துல காருக்கு 15 டாலருக்கு மேல. கேட் கிடையாது. கார் கண்ணாடியில வைக்கிற இ-இசட் பாஸ்னு ஒரு டோல் டப்பா இருந்தா அதோட கணக்குலருந்து போகும், இல்லன்னா நம்பர் பிளேட்டை கேமரா படம் பிடிச்சு வீட்டுக்குக் கூடுதலா பில் வரும். இது போதாதுன்னு 2025 ஜனவரி 5லருந்து மன்ஹாட்டன் 60ஆம் தெருவுக்குத் தெற்கே நுழைஞ்சாலே நெரிசல் கட்டணம். பகல்ல பாஸ் இருக்கிற காருக்கு 9 டாலர், ஒரு நாளைக்கு ஒரு தடவை. பார்க்கிங் தனி.

காட்பாடி டீச்சர்:

ரொம்ப நன்றி தம்பி. என் தம்பிகிட்ட பென்சில்வேனியாவுல வாங்கின இ-இசட் பாஸ் இருக்காம். ஒருவேளை அம்மாவுக்காகக் கார் எடுத்தே ஆகணும்னா அந்த டப்பாவை வாடகைக் கார்ல வைக்கலாமா? நம்ம ஃபாஸ்டேக் மாதிரி ஒரு வண்டிக்குத்தானே?

ஆம்பூர்க்காரன்:

வைக்கலாம்மா. நம்ம ஃபாஸ்டேக் கண்ணாடியில ஒட்டினா அந்த வண்டி நம்பரோடயே போச்சு. அங்க டப்பாவைக் கழட்டி அதே ரகத்து வேற காருக்கு மாத்திக்கலாம். நியூயார்க், நியூஜெர்சி ரெண்டுலயும் செல்லும். ஆனா வாடகைக் காரோட நம்பரையும் கணக்குல ஏத்தணும், எந்த நாள்லருந்து எந்த நாள் வரைன்னு. வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்னைக்கே அதை எடுத்துடணும். மறந்தா அடுத்து அந்த வண்டி எடுக்கிறவங்க டோலும் உங்க தம்பி கணக்குல விழ வாய்ப்பிருக்கு.

இது பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. ஷூ அப்பர் சாம்பிள் எடுத்துக்கிட்டு ஒரு தடவை போனப்போ அஞ்சு நாள் கார் எடுத்தேன். டனலைத் தாண்டினது ஒரே தடவை. ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னாடி சோப்புப் பெட்டி அளவுல வெள்ளையா ஒரு டப்பா, ஓரத்துல தள்ளுற மூடி. அது என்னன்னே எனக்குத் தெரியல. வாடகைக் கம்பெனியோட டோல் டப்பாவாம், மூடி திறந்தே இருந்திருக்கு. ஊர் திரும்பி ரெண்டு வாரம் கழிச்சு கார்டுல பணம் போச்சு: ஒரு டோலு, கூடவே அஞ்சு நாளைக்கும் தினசரி சேவைக் கட்டணம். போன் பண்ணிக் கேட்டா, கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்குன்னாங்க. இருந்தது, கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல. அதனால சொந்த டப்பா கொண்டு போனா வண்டியில இருக்கிற டப்பா மூடியை இழுத்து மூடிட்டுத்தான் கிளம்பணும். கவுண்டர்லயே வாய்விட்டுக் கேட்டுடுங்க: தினசரிக் கட்டணம் டோல் தாண்டின நாளுக்கு மட்டுமா, எல்லா நாளுக்குமான்னு.

திருவலம் பெரியவர்:

அம்மா, என் மகளும் அங்கே சின்ன விமானம் ஓட்டுகிறாள். அவளைக் கேட்டு எழுதுகிறேன்.

செஸ்னா 172 பெட்ரோலையும் சேர்த்து 380 முதல் 400 கிலோ வரைதான் தூக்கும். டாங்க் நிறைய ஊற்றினால் பெட்ரோலே 145 கிலோ வாக்கில் வந்துவிடும். மூன்று பேர் எடை போக மிச்சம் ஒரு கைப்பைக்குத்தான் இடம். பெரிய பெட்டிகளை வீட்டில் விட்டுவிடுங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. அம்மா ஏறுவதற்குச் சற்று முன் போய்விட்டு வரட்டும்.

லிண்டனுக்கு மேலே நெவார்க் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி. உயரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி அந்தப் பக்கம் வந்தால் சுற்றிலும் 30 கடல்மைலுக்குக் கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள். கிளம்பும் அன்று காலையிலும் அறிவிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வானிலை சரியில்லை என்றால் போகாமல் இருக்க அவனுக்கு மனம் வர வேண்டும். அதற்காகவே பணம் திரும்பாத ஓட்டல் அறை எதுவும் போடாதீர்கள்.

இன்னொன்று, சந்தோஷமான விஷயம். ஹட்சன் ஆற்றின் மேல் 1,300 அடிக்குக் கீழே சின்ன விமானங்கள் போகத் தனி வழி உண்டு. 2009 ஆகஸ்டில் அங்கே ஒரு சின்ன விமானமும் ஹெலிகாப்டரும் மோதிய பிறகு விதிகளை இறுக்கினார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. இலவசமாக ஆன்லைன் பாடம் வைத்திருக்கிறது, முடித்துவிட்டுப் போகட்டும். சுதந்திர தேவி சிலையை ஜன்னலிலேயே பார்க்கலாம். மன்ஹாட்டனைப் பார்க்க வேண்டியதில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

காட்பாடி டீச்சர்:

ஜூன் மாசம் எழுதறேன். போய்ட்டு வந்துட்டாங்க!

மேகம் இறங்கி இருந்ததால ரெண்டு நாள் தள்ளிப் போச்சு. அறையை இலவசமா மாத்திக்க முடிஞ்சது. பெரியவர் சொன்னது அப்படியே உதவிச்சு, நன்றி ஐயா. லிண்டன்ல இறங்கி, மெட்ரோபார்க் பக்கத்துலயே தங்கி, தினமும் ரயில்லதான் போனாங்க. கார் எடுக்கவே இல்ல. விமானத்துல அப்பா முன் சீட்டு, காதுல ஹெட்செட், மடியில வரைபடம். சிலை தெரிஞ்சப்போ அம்மா பின்னாடியிருந்து அப்பா தோளைத் தட்டினாங்களாம், அவர் திரும்பவே இல்லையாம், அவ்வளவு கவனம்.

டனல் வழியா ஒரு தடவை பஸ்ல போகணும்னு அடம் பிடிச்சு அதையும் போய்ட்டு வந்திருக்காரு. மன்ஹாட்டனுக்குள்ள அம்மாவுக்குக் கால் வலிச்ச அன்னைக்கு மட்டும் ஆப்ல டாக்சி பிடிச்சாங்க. பில்லுல நெரிசல் கட்டணம்னு 1.50 டாலர் தனி வரியா இருந்திருக்கு. அப்பா தம்பி போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த ஒரு வரியையே பார்த்துட்டு, "இவ்ளோதானாடா?"ன்னு கேட்டாராம்.

விமானத்தை மூணு ராத்திரி நிறுத்தி வெச்சதுக்கு வாடகை தனி. யாராவது போனா முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கங்க, நாங்க அதைக் கேட்காம விட்டுட்டோம்.